உயரமும் மேகமும்: இரண்டு மாறிகளுக்குப் பல்லுறுப்புக் கோவை பொருத்தும் முறை

டிசம்பர், ஜனவரியில் எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கில் சாயங்காலம் யாரைப் பார்த்தாலும் கேட்பது இதுதான்: இன்றைக்கு ராத்திரி உறைபனி விழுமா? விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகிவிடும், உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில் சுருண்டுவிடும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மிலார் செடிகளை வைத்து நாற்றுகளை மூடுகிறார்கள். சின்னத் தோட்டக்காரர்கள் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் தெளிக்கிறார்கள். எந்த இரவில் எழ வேண்டும், எந்த இரவில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தெரிந்தால் அதுவே பெரிய உதவி.

நான் மேல்நிலை வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறவள். தோட்டம் தம்பியுடையது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேட்டுத் தோட்டங்கள் வரை சொந்தக்காரர்கள் வீட்டு ஓரங்களில் குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும் வெப்பமானிகளை வைத்து, அந்த எண்களுக்கு ஒரு கோவை பொருத்தி வருகிறேன். அதைச் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது வெப்பநிலையாக இல்லாமல் மண்ணின் அமிலத்தன்மையாகவோ கேரட் விளைச்சலாகவோ இருந்தாலும் முறை இதேதான்.

பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆக்டேவ் என்ற கணக்கு மென்பொருளிலும், பைத்தான் மொழியின் நம்பை என்ற நூலகத்திலும் பாலிஃபிட் என்று ஒரு கட்டளை உண்டு. அது ஒரே ஒரு மாறிக்குத்தான் வேலை செய்யும். உயரத்தை மட்டும் வைத்துக் குறைந்தபட்ச வெப்பநிலையைச் சொல்ல முடியுமா என்றால், எங்கள் மலையில் முடியாது. மேட்டுத் தோட்டத்து மாமா இதைக் கணக்கில்லாமலேயே சொல்வார்: "மேகம் மூடியிருந்தா மேடுதான் குளிரும்மா. வானம் தெளிஞ்சிருந்தா பள்ளம்தான் குளிரும்." அவர் சொல்வது முழுக்கச் சரி. தெளிந்த, காற்றில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்கள் முதலில் வெளுக்கின்றன. மேகம் இருந்தால் அது அந்த வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. அப்போது உயரம் கூடக் கூடக் குளிரும் வழக்கமான விதிதான் நடக்கும். சராசரியாக 100 மீட்டருக்கு 0.65 டிகிரி என்று புத்தகங்களில் போட்டிருப்பார்கள்.

மாமா சொன்னதில் இருக்கும் கணிதத்தைக் கவனியுங்கள். உயரத்தின் விளைவு என்ன என்பதையே மேகம் தீர்மானிக்கிறது. உயரத்துக்கு ஒரு கெழு, மேகத்துக்கு ஒரு கெழு என்று தனித்தனியாகக் கொடுத்தால் இது வராது. இரண்டையும் பெருக்கிய உறுப்பு ஒன்று வேண்டும். பல மாறிக் கோவைக்கு வருவதற்கு முக்கியமான காரணமே இந்தப் பெருக்கல் உறுப்புதான்.

கோவையை எழுதுவோம். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து எத்தனை நூறு மீட்டர் மேலே என்பது உ. இரவு ஒன்பது மணிக்கு வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்தால் எத்தனை பங்கு மேகம் என்பது மே. வானிலைக்காரர்களும் எட்டில்தான் அளக்கிறார்கள். மறுநாள் காலையில் படிக்கும் குறைந்தபட்ச வெப்பநிலை வெ. இரண்டாம் படி வரை எழுதினால்:

வெ = அ + ஆ·உ + இ·மே + ஈ·உ² + எ·உ·மே + ஏ·மே²

ஆறு கெழுக்கள். உ², உ·மே என்றெல்லாம் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். நமக்குத் தெரியாதவை அ முதல் ஏ வரையிலான கெழுக்கள். அவை எல்லாம் முதல் படியில்தான் இருக்கின்றன. உ-வும் மே-யும் கையில் இருக்கும் எண்கள்; அவற்றை வர்க்கப்படுத்தினால் அதுவும் ஓர் எண்தான். ஆகவே ஒவ்வொரு அளவீடும் ஆறு தெரியாதவை கொண்ட ஒரு நேரியல் சமன்பாடு. அளவீடுகள் ஆறுக்கு மேல் இருக்கும், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சரியாக நிறைவேற்ற முடியாது. அதனால் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டல் மிகக் குறைவாக இருக்கும்படி கெழுக்களைத் தேர்கிறோம். 1805இல் லெஜாந்தர் அச்சிட்ட அதே மீச்சிறு வர்க்க முறை. மென்பொருள் எதுவானாலும் உள்ளே நடப்பது இவ்வளவே.

ஆக, உங்கள் வேலை நிரல்களைத் தயார் செய்வது. விரிதாளில் ஒரு நிரலில் உ, அடுத்ததில் மே, அதற்கடுத்து உ², உ·மே, மே², கடைசியில் வெ.

உண்மையான தரவைப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். விடை ஏற்கனவே தெரிந்த ஒரு கோவையிலிருந்து எண்களை உருவாக்கி, மென்பொருள் அந்த விடையைத் திருப்பித் தருகிறதா என்று பாருங்கள். என் மாணவர்களுக்கும் இதைத்தான் முதலில் கொடுப்பேன். பயிற்சிக்காக நான் வைத்திருக்கும் கோவை:

வெ = −1 + 2·உ + மே − 0.2·உ² − 0.3·உ·மே

மே² உறுப்பு இதில் கிடையாது, அதன் கெழு சுழியம். உ-வுக்கு 0, 1, 3; மே-க்கு 0, 4, 8 என்று எடுத்தால் ஒன்பது வரிகள் வரும். உ = 0 என்றால் மே 0, 4, 8-க்கு வெ முறையே −1, 3, 7. உ = 1 என்றால் 0.8, 3.6, 6.4. உ = 3 என்றால் 3.2, 3.6, 4.0. மேகமில்லாத இரவில் மேலே போகப் போக வெப்பம் ஏறுகிறது, முழு மேகத்தில் இறங்குகிறது. மாமா சொன்னது அப்படியே எண்ணில் வந்திருக்கிறது.

இனி மென்பொருள். லிப்ரே ஆஃபீஸ் கால்க் அல்லது எக்செல் இருந்தால் லைன்எஸ்ட் சார்பு போதும். முதல் இடத்தில் வெ நிரலையும், இரண்டாவது இடத்தில் உ முதல் மே² வரையிலான ஐந்து நிரல்களையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்றாவது, நான்காவது இடங்களில் 1. ஒன்று என்ற எண்ணால் ஆன நிரலைத் தனியாகச் சேர்க்க வேண்டாம், மாறிலியை அதுவே போட்டுக்கொள்ளும். கால்க்கில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் முழு அட்டவணையும் வரும். முதல் வரியில் கெழுக்கள், இரண்டாவது வரியில் அவற்றின் திட்டப் பிழைகள், அதாவது ஒவ்வொரு கெழுவும் எவ்வளவு ஆடலாம் என்பது. ஒன்றை மறக்கவே கூடாது: லைன்எஸ்ட் கெழுக்களைத் தலைகீழ் வரிசையில் தருகிறது. நீங்கள் உ, மே, உ², உ·மே, மே² என்று கொடுத்தால், இடமிருந்து வலமாக மே², உ·மே, உ², மே, உ, கடைசியில் மாறிலி என்று வரும். விடை தெரிந்த பயிற்சி எண்களைப் போட்டுப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 0, −0.3, −0.2, 1, 2, −1 என்று வந்தால் வரிசை கண்ணில் பட்டுவிடும். சுழியத்துக்குப் பதில் பதினைந்து பதினாறு தசமத்துக்கு அப்புறம் ஏதோ ஓர் எண் வந்தால் அது கணினியின் முழுதாக்கல் பிழை, பொருட்படுத்த வேண்டாம்.

ஆக்டேவில் இன்னும் சுருக்கம். ஒன்று, உ, மே, உ², உ·மே, மே² என்ற ஆறு நிரல்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஓர் அணி செய்யுங்கள். அந்த அணி, ஒரு பின்சாய்கோடு, அப்புறம் வெ நிரல். அவ்வளவுதான், ஆறு கெழுக்களும் வந்துவிடும். பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக அணியின் இடமாற்றுடன் பெருக்கி நேர்மாறு எடுக்கும் வழியில் போகாதீர்கள். தாளில் அது அழகான சூத்திரம். ஆனால் அணிக்கு நிலை எண் என்று ஒன்று உண்டு, தரவின் சின்னப் பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்று அது சொல்லும். கணினியில் அந்த எண்ணை இந்த வழி வர்க்கமாக்கிவிடுகிறது. இருக்கும் பதினாறு இலக்கத் துல்லியத்தில் பாதி வீணாகப் போகும்.

பைத்தான்காரர்கள் நம்பையின் எல்எஸ்டிஎஸ்க்யூ கட்டளைக்கு அதே அணியைக் கொடுக்கலாம். அதில் எனக்குப் பிடித்தது, கெழுக்களோடு அணியின் தரத்தையும் (மற்ற நிரல்களிலிருந்து உண்டாக்க முடியாத நிரல்கள் எத்தனை என்பது) சேர்த்துத் தருவது. அதன் பயன் கொஞ்ச நேரத்தில் தெரியும். நம்பையில் பாலிவாண்டர்2டி என்ற தயார்நிலைக் கட்டளையும் உண்டு. ஆனால் அதற்கு இரண்டு, இரண்டு என்று படி கொடுத்தால் ஆறு நிரல் வராது, ஒன்பது வரும். உ²·மே² வரை எல்லாப் பெருக்கல்களையும் போட்டுவிடும். மொத்தப் படி இரண்டோடு நிற்க வேண்டுமென்றால் பைத்தானின் இன்னொரு நூலகமான சைகிட்-லேர்னின் பாலிநாமியல் ஃபீச்சர்ஸ் சரியானது. அது ஒன்றுகளின் நிரலையும் தானே சேர்க்கும், அதற்கு அப்புறம் வரும் நேரியல் பொருத்தமும் மாறிலியைச் சேர்க்கும். இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள். ஆர் மொழியில் வேறொரு கண்ணி: வாய்ப்பாட்டுக்குள் உ-வின் மேல் இரண்டு என்று போட்டால் அது வர்க்கம் ஆகாது, வெறும் உ ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். ஐ என்ற ஆங்கில எழுத்தின் உறைக்குள் வைத்தால்தான் வர்க்கம்.

எங்கே அளக்கிறோம் என்பது

நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். மென்பொருள் கற்க ஒரு மதியம் போதும். அளவிடும் இடங்களைத் தேர்வதில்தான் முழுக் காரியமும் இருக்கிறது.

பயிற்சித் தரவில் உ = 1 என்ற மூன்று வரிகளையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தின் அடியிலும் மேட்டிலும் மட்டும் வெப்பமானி வைத்தது போன்ற நிலை. ஆறு வரிகள், ஆறு தெரியாதவை. சரியாக விடை வர வேண்டும் என்று தோன்றும். வராது. உ-வின் மதிப்பு 0 அல்லது 3 மட்டும்தான் என்றால் உ² எப்போதும் 3·உ-வுக்குச் சமம். இரண்டு நிரல்கள் ஒன்றின் மடங்காக மற்றொன்று. அணியின் தரம் ஆறு அல்ல, ஐந்து. எண்ணற்ற கெழுத் தொகுதிகள் அந்த ஆறு எண்களுக்கும் பிசகில்லாமல் பொருந்தும்.

மென்பொருள் என்ன செய்யும்? நம்பை அந்த எண்ணற்ற விடைகளில் கெழுக்களின் வர்க்கக் கூட்டல் மிகச் சிறியதாக உள்ள ஒன்றை எடுத்து நீட்டும். உ-வின் கெழு 2-க்குப் பதில் 0.14 என்றும், உ²-இன் கெழு −0.2-க்குப் பதில் 0.42 என்றும் வரும். தந்த ஆறு புள்ளிகளிலும் பிழை சுழியம். ஆனால் நடுச் சரிவில், உ = 1, மேகமில்லாத இரவில், உண்மை 0.8 டிகிரி, இந்தக் கோவை −0.44 என்கிறது. ஒரு தோட்டக்காரரை விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்புவதற்கும் தூங்க விடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. பிழை சுழியம் என்பதை மட்டும் பார்த்து நம்பினால் இப்படித்தான் ஆகும். அதனால் கெழுக்களைப் பார்ப்பதற்கு முன் அணியின் தரத்தைப் பாருங்கள். எக்செலில் ஒரு கெழுவும் அதன் திட்டப் பிழையும் சேர்ந்து சுழியமாக நின்றால், அந்த நிரல் மற்ற நிரல்களுக்குள் அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதையே நிலப்படத்தில் யோசியுங்கள். கிழக்கே எவ்வளவு தூரம், வடக்கே எவ்வளவு தூரம் என்ற இரண்டு மாறிகளில் வெப்பநிலைப் பரப்பு ஒன்றை வரைய விரும்புகிறீர்கள். வசதிக்காக எல்லா வெப்பமானிகளையும் இரண்டு நேர்ச் சாலைகளின் ஓரத்திலேயே வைத்துவிட்டீர்கள். ஒரு சாலையின் கோட்டுச் சமன்பாட்டையும் மற்றதன் கோட்டுச் சமன்பாட்டையும் பெருக்கினால் ஓர் இரண்டாம் படிக் கோவை கிடைக்கும். அது உங்கள் எல்லா வெப்பமானியிலும் சுழியம். அதை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் உங்கள் விடையோடு கூட்டிக்கொள்ளலாம், அளவீடுகள் எதிர்ப்புத் தெரிவிக்காது. நூறு வெப்பமானி வைத்தாலும் இதுதான் கதி. வட்டமாக ஏரியைச் சுற்றி வைத்தாலும் அப்படியே. கோவையின் படி இரண்டு என்றால் புள்ளிகள் ஒரே கூம்பு வளைவின் மேல் படுத்திருக்கக் கூடாது. சாலையை விட்டு விலகி, தேயிலைக்குள் ஓரிரு இடங்களில் வைத்தால் தீர்ந்தது.

சாலை ஓர அளவீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறும் பாதையில் மட்டும் அளந்தால், உயரம் கூடக் கூடச் சமவெளியிலிருந்து தூரமும் கூடிக்கொண்டே போகும். வெப்பம் குறைந்தது உயரத்தாலா தூரத்தாலா என்று எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மேகத்துக்கும் இதேதான். தெளிந்த இரவுகளில் பள்ளத்திலும், மேகமூட்டமான இரவுகளில் மேட்டிலும் மட்டும் அளந்தவருக்குப் பெருக்கல் உறுப்பு கிடைக்காது. ஒவ்வோர் உயரத்திலும் எல்லா வகை வானமும் வர வேண்டும். குறைந்தது மூன்று உயரங்கள் வேண்டும்.

வெப்பமானிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் முதலில் ஒரே இடத்தில் ஓர் இரவு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக் கழித்துவிடுங்கள். தரையிலிருந்து ஒரே உயரத்தில், வானம் நேரே தெரியாதபடி ஒரு கூரையின் கீழ் கட்டுங்கள். காற்றில் இரண்டு மூன்று டிகிரி இருக்கும்போதே புல்லின் மேல் உறைபனி பிடிக்கலாம். ஆகவே எத்தனை டிகிரியில் பயப்பட வேண்டும் என்பதை உங்கள் தோட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண்களை ஒழுங்கு செய்தல்

உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து மீட்டரில் போடாமல், பள்ளத்தின் அடியிலிருந்து நூறு மீட்டரில் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2,000 முதல் 2,300 மீட்டர் வரை சீராகப் பரவிய உயரங்களை எடுத்து, அவற்றுக்கும் அவற்றின் வர்க்கங்களுக்கும் ஒட்டுறவுக் கெழு கண்டுபிடித்துப் பாருங்கள்: 0.999-ஐத் தாண்டும். அவ்வளவு சிறிய இடைவெளியில் வர்க்கத்தின் வளைவு தெரிவதே இல்லை, நேர்கோடு போலவே நிற்கிறது. கூடவே ஒரு நிரலில் ஒன்று, பக்கத்து நிரலில் ஐம்பது லட்சம் என்று எண்கள் நிற்கும். கெழுக்கள் ஆடிப்போகும். சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, அப்புறம் வர்க்கப்படுத்துங்கள். வர்க்கப்படுத்தியபின் கழித்தால் அந்தப் பலன் கிடைக்காது. ஆக்டேவிலும் நம்பையிலும் காண்ட் என்ற கட்டளை அணியின் நிலை எண்ணைச் சொல்லும். ஒழுங்கு செய்வதற்கு முன்னும் பின்னும் ஓட்டினால் எத்தனை இலக்கம் குறைகிறது என்று நேரிலேயே பார்க்கலாம்.

எத்தனையாவது படி

இரண்டு மாறிக்கு இரண்டாம் படியில் 6 கெழு, மூன்றாம் படியில் 10, நான்காம் படியில் 15. ஈரப்பதத்தையும் சேர்த்து மூன்று மாறி ஆக்கினால் அதே படிகளுக்கு 10, 20, 35. மாறிகளின் எண்ணிக்கையையும் படியையும் கூட்டி, அதிலிருந்து படியின் அளவு தேர்ந்தெடுக்கும் வழிகள் எத்தனை என்பதே இந்த எண். பதினொன்றாம் வகுப்புச் சேர்மானக் கணக்குத் தெரிந்தவர் உடனே போட்டுவிடலாம்.

படியைக் கூட்டினால் பொருத்தம் எப்போதும் மேம்பட்டது போலத்தான் தெரியும், தரவின் ஏற்ற இறக்கத்தில் கோவை எவ்வளவைப் பிடித்தது என்று காட்டும் ஆர் வர்க்கம் ஏறிக்கொண்டே போகும். அதை வைத்துப் படியைத் தேர்வது கூடாது. பார்க்காத தரவில் எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஓர் அளவீட்டை ஒதுக்கி வைத்து, மற்றவற்றுக்குப் பொருத்தி, ஒதுக்கியதைச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது வழக்கமான முறை. இதற்கு மறுபடி மறுபடி ஓட்டக்கூட வேண்டாம். எல்லாவற்றுக்கும் பொருத்தியபோது அந்தப் புள்ளியில் வந்த மிச்சத்தை, அதாவது அளந்ததற்கும் கோவை சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை, ஒன்றிலிருந்து அதன் நெம்பு மதிப்பைக் கழித்த எண்ணால் வகுத்தால் அதே விடை வரும். ஒரு புள்ளி கோவையைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதே நெம்பு மதிப்பு. எல்லாப் புள்ளிகளின் நெம்பு மதிப்புகளையும் கூட்டினால் கெழுக்களின் எண்ணிக்கை வரும், இங்கே ஆறு. ஒன்றை நெருங்கும் நெம்பு மதிப்பு எந்தப் புள்ளியிலாவது இருந்தால், கோவை அந்த ஒரு புள்ளியைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்று பொருள். அங்கே இன்னோர் அளவீடு தேவை.

ஆனால் எங்கள் மாதிரித் தரவுக்கு ஓர் அளவீட்டை ஒதுக்குவது போதாது. ஒரே இரவில் ஐந்தாறு இடங்களில் எடுத்த எண்கள் ஒன்றுக்கொன்று சொந்தம்; அன்றைக்குக் காற்று அடித்திருந்தால் எல்லாமே சேர்ந்து ஏறியிருக்கும். ஒன்றை ஒதுக்கினாலும் அதே இரவின் மற்ற எண்கள் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஓர் இரவு முழுவதையும் ஒதுக்கி வையுங்கள். சைகிட்-லேர்னில் லீவ் ஒன் குரூப் அவுட் என்று இதற்கே ஒரு கருவி இருக்கிறது, குழு என்ற இடத்தில் தேதியைக் கொடுத்தால் போதும். இப்படிச் சோதித்தால் எங்கள் பள்ளத்தாக்குக்கு இரண்டாம் படியே போதுமானதாக இருக்கிறது. மூன்றாம் படியில் வரும் கூடுதல் உறுப்புகள் பழைய இரவுகளை மனப்பாடம் செய்கின்றன, புதிய இரவுக்கு உதவுவதில்லை.

மிச்சங்களை வரைபடத்தில் போட்டுப் பார்ப்பதையும் விடாதீர்கள். பள்ளத்தில் எல்லாம் குறைகுறி, நடுச்சரிவில் எல்லாம் மிகைகுறி என்று கூட்டமாக நின்றால் கோவையில் ஓர் உறுப்பு விட்டுப்போயிருக்கிறது. குறிகள் கலந்து கிடந்தால் நல்லது.

எல்லையைத் தாண்டிக் கேட்காதீர்கள். மேலே உள்ள பயிற்சிக் கோவையிடம் பள்ளத்தாக்கின் அடிக்கு 1,700 மீட்டர் கீழே, கிட்டத்தட்ட மேட்டுப்பாளையம் இருக்கும் மட்டத்தில், தெளிந்த இரவில் எவ்வளவு என்று கேட்டால் −92.8 டிகிரி என்கும். உ-வின் இடத்தில் −17 போட்டு நீங்களே கணக்கிடலாம். கோவைக்கு 0 முதல் 3 வரைதான் தெரியும். எட்டுக்கு மூன்று பங்கு மேகத்துக்குக் குறைவாக மேட்டில் ஓர் இரவும் அளக்கவில்லை என்றால், அந்த மூலையும் எல்லைக்கு வெளியேதான்.

கடைசியாக, கெழுக்களை எழுதி வைக்கும்போது எந்த எண்ணைக் கழித்தீர்கள், எந்த எண்ணால் வகுத்தீர்கள், எந்த வரிசையில் நிரல்கள் நின்றன, உ-வும் மே-யும் எங்கிருந்து எங்கு வரை போயின என்று நான்கையும் அதே தாளில் எழுதுங்கள். தம்பியின் கைப்பேசியில் ஒரு விரிதாள் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்து வானத்தைப் பார்த்து மேகப் பங்கை மட்டும் போடுவான். ஒவ்வொரு பாத்திக்கும் ஓர் எண், அதன் பக்கத்தில் இரவு ஒதுக்கிச் சோதித்ததில் வந்த பிழையின் அளவு. இரண்டு டிகிரி, பிழை ஒன்றரை என்று காட்டினால் அந்தப் பாத்திக்குத் தண்ணீர்க் குழாயை முன்னாடியே இழுத்து வைத்துவிடுவான்.